சிவப்புக்கு எதிர்வீடு பச்சை

ஸ்கூட்டர் சாவியை ஒளித்து வைக்க ஒரு வீட்டில் எத்தனையோ இடம் இருக்கிறது. பீரோ இருக்கிறது, அரிசி டிரம் இருக்கிறது, சாமி படத்துக்குப் பின்புறம் இருக்கிறது. நான் தேர்ந்தெடுத்தது கஸ்தூரி மஞ்சள் டப்பா. இந்தக் காலத்துப் பெண் கஸ்தூரி மஞ்சளைத் தேடிக்கொண்டு வரவா போகிறாள் என்று நினைத்தேன். என் மகள் படிப்பது அழகுக்கலை வகுப்பு என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்துவிட்டது. பயந்துபோன தாய்க்கு மூளை அவ்வளவுதான் வேலை செய்யும்.

நிவேதா சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் டப்பா, இன்னொரு கையில் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்த சாவி. "அம்மா, ஃபேஸ்பேக்குக்கு மஞ்சள் எடுக்கப் போனேன். உள்ள புதையல் இருக்கு."

சாவி தொலைந்துபோய்விட்டது என்று நான்தான் வீட்டில் அறிவித்திருந்தேன். மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம் நிவேதா மாம்பழச்சாலைத் திருப்பத்தில் மணலில் வண்டி சறுக்கி விழுந்துவிட்டாள். யார் மேலும் தப்பில்லை. தோள்பட்டை எலும்பு முறிந்து புத்தூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எலும்பு கூடி, கட்டுப் பிரித்து, டாக்டரும் "இனிமே தாராளமா வண்டி ஓட்டலாம்" என்று சொல்லி மாதங்கள் ஆகின்றன. அவளுக்குக் கூடிவிட்டது. எனக்குத்தான் இன்னும் கூடவில்லை. அவள் விழுந்த செய்தி ஒரு தெரியாத நம்பரிலிருந்துதான் வந்தது. இப்போதும் அப்படி ஒரு போன் வந்தால் ஹலோகூடச் சொல்ல மாட்டேன். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிற பெண்ணிடம் "என் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறேன். பாவம், அவள் பயந்துபோய் போனை வைத்துவிட்டாள்.

"சனிக்கிழமை பிராக்டிகல் எக்ஸாம்மா. எனக்கு மாடலா வரேன்னு சொன்னவ திருவிழான்னு ஊருக்குப் போயிட்டா. மாடல் இல்லாம உள்ளயே விட மாட்டாங்க. நீதான் வரணும். வண்டியிலேயே போயிடலாம்."

"ஆட்டோவில போலாம்."

"எக்ஸாமுக்கு ஆட்டோ. சரி. நாளைக்கு விடிகாலை முகூர்த்தத்துக்கு லால்குடியில ஒரு பொண்ணு மேக்கப்புக்குக் கூப்பிட்டா? மொத பஸ் வர்ற வரைக்கும் தாலி கட்டாம உக்காந்திருப்பாங்களா? இந்த வேலைக்கு வண்டி வேணும்மா. நான் வண்டி ஓட்டப் போறேனா இல்லையான்னு மட்டும் சொல்லு. இல்லன்னா இந்தப் படிப்பை இப்பவே விட்டுடறேன்."

பதில் சொல்ல முடியாத நேரத்தில் நான் ஏதாவது பாத்திரம் கழுவுவேன். அன்று கையில் கிடைத்தது சாவி. வாங்கி, தொட்டியில் போட்டு, சோப்பு வைத்துத் தேய்த்தேன். அதில் ஒரு வெள்ளைத் துணிப் பட்டை கோத்திருக்கும். டப்பாவில் கிடந்து மஞ்சளாகியிருந்த அந்தப் பட்டை என் கண்ணெதிரே ரத்தச் சிவப்பாக மாறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னச் சிரிப்பு இல்லை, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருகிற சிரிப்பு. அந்த மழை நாளுக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். நிவேதா பயந்துபோனாள்.

"அம்மா, என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லடி. ஒரு கல்யாணப் பொண்ணு கன்னம் ஞாபகம் வந்துச்சு."

உங்களுக்கும் சொல்கிறேன். நான் வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு பியூட்டிஷியன் கோர்ஸில் சேர்ந்தவள். எடமலைப்பட்டி புதூரில் எங்கள் தெருவில் அப்போது அதை யாரிடமும் சொல்ல முடியாது. "பாப்பா டைப்ரைட்டிங் போகுது" என்றுதான் அப்பா சொல்லி வைத்திருந்தார். டைப்ரைட்டிங் போகிற பெண்ணின் புருவம் மட்டும் வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே வருவதைத் தெரு கவனிக்காமல் இருக்குமா என்ன? எதிரே வருகிறவர்கள் முதலில் என் புருவத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் "டைப்ரைட்டிங் லோயரா, ஹையரா?" என்பார்கள்.

வகுப்பு புத்தூரில் ஃபிலோமினா டீச்சர் வீட்டு மாடியில் நடந்தது. ஏறும்போதே முகப்பவுடர், ஸ்பிரிட், கீழே டீச்சர் வீட்டில் தாளிக்கிற மீன் குழம்பு மூன்றும் கலந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எனக்கு ஃபவுண்டேஷன் என்றால் கூடவே மீன் குழம்பும் மணக்கிறது. டீச்சர் பருமனான உடம்பு, கணீர்க் குரல், எதற்கெடுத்தாலும் "மாதாவே!" நிறங்களைப் பற்றிய பாடத்துக்கு அவரிடம் படமோ அட்டையோ இருக்கவில்லை. மலைக்கோட்டைக்குக் கீழே சின்னக்கடைத் தெருவில் வாங்கிய கண்ணாடி வளையல்கள்தான் பாடம். ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் வட்டமாக அடுக்குவார். குங்குமச் சிவப்பு, அதன் பக்கத்தில் ஆரஞ்சு, அப்புறம் மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, நீலம், கத்திரிப்பூ, திரும்பவும் சிவப்பு. ஒருத்தி நடந்தால் போதும், தட்டு அதிர்ந்து வளையல் எல்லாம் சிணுங்கும். "அசையாதீங்கடி, கலர் கலையுது!" என்று கத்துவார்.

டீச்சருக்கும் எதிர்வீட்டுக்காரர்களுக்கும் ஒரு முருங்கை மரத்தை வைத்து வெகுநாள் சண்டை. மரம் அவர்களுடையது, கம்பளிப்பூச்சி மட்டும் இவர் வீட்டுக்கு வரும். அதனால் பாடமும் அந்தச் சண்டையிலிருந்தே வந்தது.

"இந்தத் தட்டுல ஒவ்வொரு கலருக்கும் ஒரு எதிர்வீடு உண்டு. பக்கத்து வீட்டோட ஒத்துப்போகும், எதிர்வீட்டோட ஒத்துப்போகாது. ரெண்டையும் கலந்தா ரெண்டு பேர் வாயும் அடங்கிடும். சிவப்புக்கு எதிர்வீடு யாரு?"

"பச்சை டீச்சர்."

"அப்ப பரு சிவந்திருந்தா?"

"பச்சை வெக்கணும் டீச்சர்."

"கண்ணுக்குக் கீழ நீலம் பாரிச்சிருந்தா?"

"ஆரஞ்சு."

"மஞ்சளா இருந்தா கத்திரிப்பூ. அவ்வளவுதான் பாடம். மத்ததெல்லாம் கை."

கை எனக்கு வரவில்லை. எதையும் தேய்த்துக் கழுவியே பழகிய லேப் கை. "தேய்க்காதடி, ஒத்து! தேய்ச்சா நகரும், ஒத்தினா உக்காரும்" என்று என் மணிக்கட்டிலேயே ஸ்பான்ஜால் அடிப்பார். கை வந்தது வைதேகிக்கு. ஸ்ரீரங்கத்திலிருந்து வருவாள், உத்தர வீதிப் பெண். ஐலைனரை ஒரே இழுப்பில் இரண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரி போட்டுவிட்டுப் பெருமையாகத் திரும்புவாள்.

"எப்படிடி வருது உனக்கு?"

"எங்கப்பா நெத்தியில திருமண் இட்டுக்கறதைத் தெனமும் பார்த்து வளர்ந்தவடி நான். ஒரு பக்கம் நூலளவு கோணித்துன்னா அழிச்சுட்டுத் திரும்ப ஆரம்பிப்பார். எங்காத்துல கண்ணாடி முன்னாடி ஜாஸ்தி நேரம் நிக்கறது ஆம்பளைகள்தான்."

இன்னொரு வழக்கமும் டீச்சரிடம் இருந்தது. மலைக்கோட்டை ஜவுளிக் கடைகளில் பெண்கள் புடவையைக் கடை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள் இல்லையா, பின்னாலேயே கடைக்காரப் பையன் பதறிக்கொண்டு ஓடி வருவானே, அதே போல முகத்தையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்பார். டியூப்லைட்டை நம்பவே மாட்டார். அலங்காரம் முடிந்ததும் முகத்தைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போவோம். எதிர்வீட்டுத் தாத்தா காபி டம்ளரோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைப் பார்ப்பார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தாத்தா தலையை ஆட்டுவதை வைத்து நாங்கள் எங்கள் மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்வோம்.

பெரும்பாலும் தலை இடவலமாகத்தான் ஆடும். குற்றம் எங்களுடையது இல்லை. ஃபவுண்டேஷன் என்று அன்றைக்குக் கடையில் கிடைத்தது ஒரே நிறம். ரோஸ். மூடியில் 'நேச்சுரல்' என்று போட்டிருக்கும். யாருக்கு நேச்சுரல் என்று போட்டிருக்காது. நம் ஊர் மாநிறத்தில் அதைப் பூசினால் முகம் ரோஸாகவும் இருக்காது, மாநிறமாகவும் இருக்காது, சாம்பல் பூத்த பூசணிக்காய் போல இருக்கும். போட்டோவில் முகம் தனியாகவும் கழுத்து தனியாகவும் தெரியும். அந்தக் காலத்து ரிசப்ஷன் ஆல்பம் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், எல்லா மணப்பெண்களுக்கும் லேசாக ஜுரம் அடிக்கிற மாதிரி இருக்கும்.

ஒரு நாள் டீச்சருக்கே ஜுரம். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ரிசப்ஷன், தில்லை நகர் பக்கம் ஒரு மண்டபம். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கடி. ஒருத்திக்குக் கை இருக்கு, ஒருத்திக்குப் படிப்பு இருக்கு. மாதா பார்த்துக்குவா" என்று அனுப்பிவிட்டார்.

மணப்பெண் பெயர் மல்லிகா. நல்ல மாநிறம், பெரிய கண், வாய் ஓயாத பெண். "அக்கா, என்னை வெள்ளையாக்கிடாதீங்க. அவரு என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப நல்ல வெயிலு. ஆளை மாத்திட்டாங்கன்னு எழுந்து போயிடப் போறாரு" என்றாள். அங்கேதான் என் படிப்பு தலை தூக்கியது. ரோஸில் மஞ்சள் சேர்த்தால் ரோஸ் அடங்கும், மாநிறத்துக்கு இறங்கும் என்று எனக்குத் தோன்றியது. மஞ்சளுக்கு எங்கே போவது? கல்யாண மண்டபத்தில் மஞ்சளுக்கா பஞ்சம்! கஸ்தூரி மஞ்சள் ஒரு சிட்டிகை வாங்கி, ஃபவுண்டேஷனில் குழைத்து, வைதேகி ஒத்தி எடுத்தாள். ஜன்னலோரம் நிறுத்திப் பார்த்தோம். முகமும் கழுத்தும் ஒரே பெண்ணுடையதாக இருந்தன. உண்மையிலேயே மல்லிகா போலவே இருந்தாள், என்ன, நன்றாகத் தூங்கி எழுந்த மல்லிகா. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டோம்.

அப்போது மல்லிகாவின் அத்தை உள்ளே வந்தார். பட்டுப்புடவை, இடுப்பில் சாவிக்கொத்து. பார்த்ததும் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது, ஒண்ணுமே போடலையா? வந்த நெறத்துலயே இருக்கா?"

"போட்டிருக்கோங்க."

"எங்க போட்டீங்க? பணம் குடுக்கறது வெள்ளையாக்கத்தான? நவுருங்க" என்றவர், நாங்கள் தடுப்பதற்குள் மூலையிலிருந்த வாஷ்பேசினில் துண்டை நனைத்து, சோப்பில் ஒரு தேய், அதைக் கொண்டு பெண்ணின் வலது கன்னத்தில் அழுத்தி ஒரு தேய்.

மஞ்சள் சோப்பைக் கண்டால் என்ன செய்யும்? கன்னம் முழுக்கக் குங்குமச் சிவப்பாகத் திட்டுத் திட்டாகப் பூத்தது. அத்தை துண்டைக் கீழே போட்டார்.

"ஐயையோ! பொண்ணு மூஞ்சியில ஆரத்தி கரைச்சிருக்காளுங்களே!"

வெளியே நாதஸ்வரம். மாப்பிள்ளை மேடைக்கு வந்தாயிற்று என்று யாரோ கதவைத் தட்டினார்கள். மல்லிகா கண்ணாடியைப் பார்க்காமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அக்கா, நான் அழலாமா கூடாதா? அழுதா மை கரையுமா?" என்று கேட்டாள். நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். வைதேகி மட்டும் அசையவில்லை. என் பக்கம் திரும்பி, டீச்சர் குரலிலேயே கேட்டாள்.

"சிவப்புக்கு எதிர்வீடு யாருடி?"

பச்சை! கண்ணிமைக்குப் போடுகிற பச்சைப் பவுடர் பெட்டியில் இருந்தது. வைதேகி கன்னத்துச் சோப்பைத் துடைத்துவிட்டு, அந்தப் பச்சையை ஈர ஸ்பான்ஜில் தொட்டு, மெல்லிசாக ஒத்த ஆரம்பித்தாள். அத்தைக்குத் தலை சுற்றிவிட்டது. "செவப்பா இருந்ததைக் கிளியாட்டம் பண்றாளே! யாராவது வாங்களேன்!" கதவைத் திறக்கப் போனவரை நான் குறுக்கே நின்று மறித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல் அது. பச்சை ஒரு படலம், அதன் மேல் எங்கள் மஞ்சள் கலந்த ஃபவுண்டேஷன், அதன் மேல் பவுடர். பச்சையும் போயிற்று, சிவப்பும் போயிற்று. முதலில் இருந்த அதே மல்லிகா திரும்பி வந்தாள்.

அத்தை பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தார். மூச்சு விட்டார். "ஆங், இப்பதான் லட்சணமா இருக்கு. இதை மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல? நான் சொன்னப்புறம்தான் கை வருது உங்களுக்கு."

பஸ்ஸில் திரும்பும்போது வைதேகி வழி முழுக்க முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது நிவேதா சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று நிறுத்தினாள்.

"அம்மா, நீ பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிதானே?"

"ஆமா."

"மஞ்சள் சோப்பு பட்டா சிவக்கும். எலுமிச்சம்பழம் பட்டா திரும்ப மஞ்சளாயிடும். பச்சை எதுக்கு? மண்டப வாசல்ல வர்றவங்களுக்கெல்லாம் குடுக்கக் கூடை நிறைய எலுமிச்சம்பழம் வெச்சிருப்பாங்களே!"

வைத்திருந்தார்கள். சந்தனக் கிண்ணம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு, பக்கத்திலேயே கூடை. உள்ளே போகும்போது எனக்கும் ஒரு பழம் கொடுத்தார்கள். பெட்டியருகே வைத்திருந்த அதை, அத்தை கத்தியபோது இடது கையில் எடுத்து இறுக்கிக்கொண்டிருந்தேன். கல்லூரி லேபில் மஞ்சள் தாள் செய்து, அமிலமா காரமா என்று பார்த்து, ரெக்கார்டு எழுதிக் கையெழுத்து வாங்கியவள் நான். இத்தனை வருஷம் கழித்து என் மகள் சொல்லித்தான் எனக்கு அந்தப் பழம் தெரிகிறது. பயம் வந்தால் கையில் இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டபோதுதான் நிவேதா என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். ஈரச் சாவி என் உள்ளங்கையில் இருந்தது. "சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டேன்.

சனிக்கிழமை ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். மாம்பழச்சாலைத் திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோதுதான் திறந்தேன்.

"அம்மா, இடுப்பை விடு. மூச்சு முட்டுது."

"நீ ரோட்டைப் பாரு."

"நான் ரோட்டைத்தான் பார்க்கறேன். நீதான் எதையும் பார்க்கல. தண்ணி எவ்வளவு வந்திருக்கு பாரு."

பார்த்தேன். கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. எதிரே மலைக்கோட்டை. வெகுநாளாக இதே பாலத்தில் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன், தண்ணீர் வந்ததையே கவனிக்கவில்லை.

பரீட்சை நடந்த கூடத்தில் ஏசி குளிர், முகத்துக்கு நேரே வட்ட விளக்கு. மேஜையில் ஃபவுண்டேஷன் மட்டுமே ஒரு வரிசை. பாதாம், தேன், கேழ்வரகு என்று சொல்லத்தக்க அத்தனை மாநிறங்களும் தனித்தனிக் குப்பியில். ரோஸைத் தேடினேன், ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது. எது பொருந்தும் என்று பார்க்க நிவேதா என் தாடையோரம் மூன்று நிறத்தில் கோடு இழுத்தாள். பிறகு என்னை எழுப்பி, ஜன்னல் பக்கம் நடத்திக்கொண்டு போய்த் திரையை விலக்கி, வெயிலில் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். வேறு யாரும் ஜன்னலுக்கு வரவில்லை. இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, கதைதான் சொன்னேன்.

கண்ணுக்குக் கீழே மோதிர விரலால் ஆரஞ்சை ஒத்தும்போது பரீட்சை நடத்த வந்த அம்மையார் வந்து நின்றார்.

"ஏன் ஆரஞ்சு?"

"கருவளையத்துல நீலம் இருக்கு மேம். நீலத்துக்கு எதிர்வீடு ஆரஞ்சு."

"எதிர்வீடா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏதோ எழுதிக்கொண்டு என்னைக் கேட்டார். "இந்தக் கருவளையம் எத்தனை நாளா இருக்குங்க? பரம்பரையா, தூக்கமில்லாமையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நிவேதா சொன்னாள். "நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப வந்தது மேம். நான் போட்டது. அதான் நானே எடுக்கறேன்."

அவள் தேய்க்கவில்லை, ஒத்திக்கொண்டேதான் இருந்தாள். "மேல பாரும்மா. கண்ணுல தண்ணி வந்தா ஆரஞ்சு நகரும்." நான் மேலே பார்த்தேன். ஏசி மெஷினைப் பார்த்தேன், விளக்கைப் பார்த்தேன், எலுமிச்சம்பழக் கூடையை நினைத்துக்கொண்டேன். எப்படியோ சமாளித்தேன்.

திரும்பும் வழியில் புத்தூருக்குள் புகுந்து வரச் சொன்னேன். டீச்சர் வீடு இருந்த இடத்தில் ஒரு ஸ்கேன் சென்டர் நிற்கிறது. பால்கனி இல்லை, தாம்பாளத்தில் சிணுங்கிய வளையல்கள் இல்லை, மீன் குழம்பு வாசனை இல்லை. எதிர்வீடும் இல்லை. முருங்கை மரம் நின்ற இடத்தில் வண்டிகள் நிறுத்துகிறார்கள். இரண்டு வீடும் போய், சண்டைக்கு ஆள் இல்லாமல் தெரு அடங்கிக் கிடக்கிறது. டீச்சர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். வைதேகி எங்கோ வெளிநாட்டில் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. மஞ்சளைக் குழைத்து மாநிறம் செய்யவேண்டிய அவசியம் இனி எந்தப் பெண்ணுக்கும் இல்லை. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். கருவளையம் திரும்பி வந்துவிட்டது, அது எங்கே போகும்? ஆனால் அன்று சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தபோது, கிரெடிட் கார்டு வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

வாசல் ஆணியில் சாவி தொங்குகிறது. நிவேதா எலுமிச்சை மூடியால் தேய்த்ததில் பட்டையின் சிவப்பு போய், பழையபடி இளமஞ்சளாகிவிட்டது. மஞ்சள் டப்பாவில் இப்போது மஞ்சள் மட்டும்தான் இருக்கிறது.